ஜி1 குதிரை எங்கே போகும்? கார்ல்ஸ்பாட் அமைப்பில் வெள்ளையின் மூன்று வழிகள்

அனுபவம் உள்ள இரண்டு பேர் செஸ் டோர்னமென்ட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால், முதல் பதினைந்து நகர்வுகளில் யாரும் காயைச் சும்மா விட்டுவிடுவதில்லை. ஆட்டம் சாய்வது பெரும்பாலும் திட்டம் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். குயின்ஸ் கேம்பிட்டின் (1. டி4 டி5 2. சி4 என்று தொடங்கும் ஓப்பனிங்) எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனில், அதாவது டி5-இல் சிப்பாய்களை மாற்றிக்கொள்ளும் கிளையில், வெள்ளையின் 9-வது நகர்வு அப்படிப்பட்ட இடம். பார்க்க ஒரு குதிரையை வெளியே எடுப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குதிரை எஃப்3-க்குப் போகிறதா, இ2-வுக்குப் போகிறதா என்பதை வைத்தே அடுத்த முப்பது நகர்வுகள் நடக்கின்றன.

நகர்வு வரிசை இது: 1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3, குதிரை எஃப்6 4. வெள்ளை சி சிப்பாயால் டி5-ஐ வெட்ட, கறுப்பு இ சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. 5. பிஷப் ஜி5, பிஷப் இ7 6. இ3, சி6 7. பிஷப் டி3, கறுப்பு ராஜா பக்கம் கேஸ்லிங் 8. ராணி சி2, பி8 குதிரை டி7.

பலகையில் இப்போது இரு பக்கமும் ஏழேழு சிப்பாய்கள். வெள்ளைக்கு ஏ, பி, டி, இ, எஃப், ஜி, எச். கறுப்புக்கு ஏ, பி, சி, டி, எஃப், ஜி, எச். வெள்ளைக்கு சி வரிசை பாதி திறந்திருக்கிறது (அதில் தன் சிப்பாய் இல்லை), கறுப்புக்கு இ வரிசை. இதைத்தான் கார்ல்ஸ்பாட் அமைப்பு என்கிறோம். 1907, 1911, 1923, 1929 ஆகிய ஆண்டுகளில் கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த பெரிய போட்டிகளிலிருந்து வந்த பெயர். குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டு (கறுப்பு சி4 சிப்பாயை வெட்டாமல் இ6 வைப்பது; எக்ஸ்சேஞ்ச் இதன் ஒரு கிளை) அந்தக் காலத்தில் எவ்வளவு ஓடியது என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 1927-ல் கபாபிளாங்காவும் அலெகைனும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்த ஓப்பனிங்தான்.

வெள்ளைக்கு மூன்று வழிகள். பி சிப்பாயைத் தள்ளி ராணிப் பக்கத்தை உடைக்கும் சிறுபான்மைத் தாக்குதல் முதலாவது. எஃப்3 வைத்து, நேரம் பார்த்து இ4 தள்ளும் நடுக்களத் திட்டம் இரண்டாவது. ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்து ராஜா பக்கம் பாய்வது மூன்றாவது. மூன்றையும் சமமான தட்டுகளில் வைத்து நிறுக்க முடியாது. இவற்றில் எது சரி என்பதை உங்கள் பாணி தீர்மானிக்கக் கூடாது. கறுப்பின் டி7 குதிரையும் இரண்டு பிஷப்புகளும் எங்கே போயிருக்கின்றன என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். "நான் பொசிஷனல் ஆட்டக்காரன், அதனால் எனக்கு பி4" என்று முடிவெடுப்பவர்கள்தான் இந்த அமைப்பில் அதிகம் தோற்கிறார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வெள்ளையின் ராணி சி2-விலும் பிஷப் டி3-யிலும் நிற்பதால், எச்7 சிப்பாய்மேல் இரண்டு காய்களின் பார்வை இருக்கிறது. அதைக் காப்பது எஃப்6 குதிரையும் ராஜாவும். அந்தக் குதிரை எச்5-க்கு நகர்ந்தால் பிஷப் எச்7-ஐ செக்கோடு வெட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பும். ஆகவே கறுப்பு முதலில் யானையை இ8-க்கு வைத்து, டி7 குதிரையை எஃப்8-க்குக் கொண்டுவந்து எச்7-ஐக் கட்டிப்போடுகிறது. கேஸ்லிங் செய்வதற்கு முன்பே குதிரை எச்5-க்குப் போனால் கதை வேறு. அப்போது எச்7-ஐ வெட்டும் பிஷப் செக் கொடுக்காது; கறுப்பு ஜி6 தள்ளினால் பிஷப் மாட்டிக்கொள்ளும். நகர்வு வரிசை ஒன்று மாறினால் கணக்கும் மாறும் என்பதால், எதிராளி எந்த வரிசையில் இந்த நிலைக்கு வந்தார் என்பதை ஸ்கோர்ஷீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பி4: சிறுபான்மைத் தாக்குதல்

குதிரை எஃப்3-க்குப் போனால் இயல்பாக வரும் வழி இது. 9. குதிரை எஃப்3, யானை இ8 10. கேஸ்லிங், குதிரை எஃப்8 11. ஏ1 யானை பி1. அடுத்து பி4, பி5, பிறகு சி6-இல் வெட்டு. ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. குறைவான சிப்பாய்களை வைத்து அதிகமான சிப்பாய்களைத் தாக்குவதால்தான் அந்தப் பெயர். நோக்கம் சிப்பாயை ஜெயிப்பது அல்ல. பி5-இல் வந்த சிப்பாய் சி6-ஐ வெட்ட, கறுப்பு பி7 சிப்பாயால் திருப்பி வெட்ட, சி6 சிப்பாய் பாதி திறந்த வரிசையில் பக்கத்துணை இல்லாமல் நிற்கும். அதன்மேல் யானைகளையும் ராணியையும் குவிப்பது, சி5 கட்டத்தில் ஒரு குதிரையை உட்காரவைப்பது. இதுதான் முழு வேலை.

பி5 வந்த பிறகு கறுப்புக்கு நல்ல பதில் எதுவும் இல்லை என்பது இத்திட்டத்தின் அழகு. வெட்டவிட்டால் சி6 பலவீனம். தானே பி5-ஐ வெட்டினால் டி5 தனிச் சிப்பாய் (பக்கத்து வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாதது) ஆகிவிடும், பி7-உம் இலக்காகும். சி5 என்று தள்ளித் தப்பினால், வெள்ளை அதை வெட்டி மறுபடியும் டி5-ஐத் தனியாக்கும். எஃப்3 குதிரை டி4-க்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். கடைசி வழியில் கறுப்பின் காய்கள் உயிரோடு இருக்கும் என்பதால், அனுபவம் உள்ளவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பி5 தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் "சி5 வந்தால் என்ன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏ4 எப்போது தேவை? பலர் அதைப் பழக்கத்தில் ஆடிவிடுகிறார்கள். பி5 கட்டத்தை சி3 குதிரை, டி3 பிஷப், பி1 யானை மூன்றும் ஏற்கெனவே பார்க்கின்றன. கறுப்பு ஏ6 வைத்திருந்தால்தான் ஏ4-இன் துணை வேண்டும். இல்லையென்றால் அது வீணான ஒரு நகர்வு. 11... ஏ5 என்று கறுப்பு உடனே தடுத்தால், 12. ஏ3, பிறகு 13. பி4, கறுப்பு வெட்ட, வெள்ளை ஏ சிப்பாயால் திருப்பி வெட்டும். ஏ5 தள்ளியதும் பி4-இல் வெட்டியதுமாகக் கறுப்புக்கு இரண்டு நகர்வு செலவு. ஏ3 தள்ளியதும் திருப்பி வெட்டியதுமாக வெள்ளைக்கும் இரண்டு. ஆக நேரத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை; ஆனால் ஏ வரிசை திறந்து கறுப்பின் ஏ8 யானைக்கு வேலை கிடைத்துவிடுகிறது. சி6 பலவீனத்தைக் காத்துக்கொண்டே ஏ வரிசையில் எதிர்த்தாக்குதலும் நடத்தலாம் என்பது கறுப்பின் கணக்கு. என் தீர்ப்பு: சிறுபான்மைத் தாக்குதலுக்கு எதிராகக் கறுப்பு செய்யக்கூடிய மிக அடக்கமான, மிகத் தொல்லை தரும் விஷயம் இந்த ஏ5தான்.

இன்னொரு தடுப்பு இன்னும் துணிச்சலானது. பி4 வந்ததும் கறுப்பே பி5 என்று தள்ளிவிடும். சி6 நிரந்தரமாகப் பின்தங்கிவிட்டதே என்று வெள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கறுப்புக் குதிரை பி6 வழியாக சி4-க்கு வந்து உட்கார்ந்தால் சி வரிசை அடைபட்டுவிடும், சி6-ஐத் தொட முடியாது. வெள்ளை அந்தக் குதிரையை பிஷப்பால் வெட்டினால், பி சிப்பாயால் வெட்டினாலும் டி சிப்பாயால் வெட்டினாலும் கறுப்புக்கு சி4-இல் துணையோடு கூடிய பாஸ்டு சிப்பாய் (எதிர்ச் சிப்பாய் எதுவும் வழிமறிக்க முடியாதது) கிடைக்கும். ஆகவே இங்கே நகர்வுகளை எண்ண வேண்டும். குதிரை இன்னும் டி7-இல் இருந்தால் பி6, சி4 என இரண்டே நகர்வு. எஃப்8-க்குப் போய்விட்டிருந்தால் டி7, பி6, சி4 என மூன்று. அந்த ஒரு நகர்வு இடைவெளியில் வெள்ளை ஏ4 தள்ளி பி5-ஐ உலுக்கலாம், அல்லது நடுவில் இ4-க்குத் தயாராகலாம். டி7 குதிரை எஃப்8-க்குப் போன பிறகு பி4 ஆடுங்கள், அதற்கு முன் வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

பலவீனத்தை உருவாக்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. சி6 ஒன்று மட்டும் இருந்தால் கறுப்பு டி7-இல் பிஷப், சி8-இல் யானை என்று வைத்துக் காத்துக்கொள்ளும். ஒரு பலவீனத்தை மட்டும் வைத்து அனுபவம் உள்ள எதிராளியை ஜெயிப்பது கடினம்; யானை பி7-க்கு இறங்குவதோ, ராஜா பக்கம் இரண்டாவது இலக்கோ வேண்டும். எல்லாச் சிறு காய்களையும் (குதிரை, பிஷப்) அவசரமாக மாற்றிக்கொண்டு யானை எண்டுகேமுக்குப் போனால் பெரும்பாலும் டிராதான். வைத்துக்கொள்ள வேண்டிய காய் சி5-க்குப் போகும் குதிரை. கறுப்பிடம் மிச்சம் இருந்தால் உங்களுக்கு நல்லதான காய் சி8-இல் பிறந்த அந்த பிஷப். டி5, சி6 என்று தன் சிப்பாய்களே வெள்ளைக் கட்டங்களில் நிற்பதால் அதற்கு மூச்சுவிட இடம் இல்லை. அந்த பிஷப்பை உங்கள் டி3 பிஷப்போடு எஃப்5-இல் மாற்றிக்கொள்ளக் கறுப்பு தவிப்பதும் அதனால்தான்: ஜி6 தள்ளி, எஃப்8 குதிரையை இ6 வழியாக ஜி7-க்குக் கொண்டுபோய், பிறகு பிஷப் எஃப்5.

ஆபத்து எங்கிருந்து வரும்? ராஜா பக்கத்திலிருந்து. வெள்ளை ராணிப் பக்கத்தில் மும்முரமாக இருக்கும்போது கறுப்பு ஒரு குதிரையை இ4-இல் நிறுத்தும், இன்னொன்றை ஜி6-க்குக் கொண்டுவரும், பிஷப்பை டி6-க்கு வைக்கும், யானையை இ6 வழியாக எச்6-க்கோ ஜி6-க்கோ தூக்கும். 1968 லுகானோ ஒலிம்பியாடில் பொபொட்சோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு பெட்ரோசியான் ஜெயித்த ஆட்டம் இந்தப் பாடத்துக்குப் பேர்போனது. ராணிப் பக்கத்தில் வெள்ளை நகர்ந்துகொண்டே இருந்தது. ஆட்டம் முடிந்ததோ வெள்ளை ராஜா இருந்த இடத்தில். காரணம் இல்லாமல் எச்3 வைக்காதீர்கள். எச்3-இல் பிஷப்பைப் பலி கொடுக்க அது கொக்கி கொடுக்கும். ஜி5 பிஷப்பை எச்4 வழியாக ஜி3-க்குக் கொண்டுவந்து கறுப்பின் டி6 பிஷப்போடு மாற்றிவிட்டால் தாக்குதலின் பாதி பலம் போய்விடும். இ7-இலேயே பிஷப்புகள் மாறிவிட்ட நிலைகளில் பி4 இன்னும் நிம்மதியாக ஆடலாம்.

எஃப்3, இ4: நடுக்களம்

இந்தத் திட்டத்துக்குக் குதிரை இ2-இல் இருக்க வேண்டும்; எஃப்3 கட்டம் சிப்பாய்க்கு வேண்டும் என்பதால் வேறு வழியே இல்லை. 9. குதிரை இ2, யானை இ8 10. கேஸ்லிங், குதிரை எஃப்8 11. எஃப்3. கறுப்பு எச்5-க்குக் குதிரையை வைத்து பிஷப்புகளை மாற்றினால், உடனே 13. இ4 தள்ளலாம், கறுப்பு வெட்ட, எஃப் சிப்பாய் திருப்பி வெட்ட, டி4, இ4 என்று நடுவில் ஜோடிச் சிப்பாய்கள், எஃப்1 யானைக்கு எஃப்7 வரை திறந்த பாதை, கறுப்பின் எச்5 குதிரை ஓரத்தில்.

இதை எப்படிப் பொறுமையாகச் செய்வது என்பதற்கு 1952 சோவியத் சாம்பியன்ஷிப்பில் போட்வின்னிக், கெரெஸை வென்ற ஆட்டத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். 11-வது நகர்வில் போட்வின்னிக் யானையை பி1-க்கு வைத்தார். பார்ப்பவர்களுக்குச் சிறுபான்மைத் தாக்குதல் வருகிறது என்றுதான் தோன்றும். கெரெஸ் பிஷப்பை டி6-க்கு வைத்து எச்2-வைக் குறிபார்த்தார். இங்கே எஃப்3-இல் குதிரை இல்லாததால் எச்2 கொஞ்சம் திறந்து கிடக்கிறது, அதனால் 12. ராஜா எச்1. கெரெஸ் குதிரையை ஜி6-க்குக் கொண்டுவந்தார். 13-வது நகர்வில் எஃப்3. கறுப்பு பிஷப் இ7-க்கே திரும்பியது. 14-வது நகர்வில் பி1 யானை இ1-க்கு நகர்ந்தது. வெள்ளை யானைப் பயணத்தில் ஒரு நகர்வைச் செலவழித்தது உண்மை. கறுப்பு பிஷப்போ டி6 போய்த் திரும்பியதில் இரண்டு நகர்வைச் செலவழித்தது.

இ4 உடனே வரவில்லை. எஃப்3-க்கும் இ4-க்கும் நடுவில் ஆறு நகர்வுகள்: யானை இ1, இ7-இல் பிஷப் மாற்றம், குதிரை ஜி3, ராணி எஃப்2, குதிரை எஃப்5, அங்கே கறுப்பு வெட்டத் திருப்பி வெட்டு. அதற்குப் பிறகுதான் 20. இ4. கறுப்பு வெட்டியது, எஃப் சிப்பாய் திருப்பி வெட்டியது, 22-இல் இ5 தள்ளியதும் கறுப்பின் எஃப்6 குதிரை விரட்டப்பட்டது. சி3 குதிரை இ4 வழியாக 24-வது நகர்வில் டி6-இல் போய் உட்கார்ந்தது. கறுப்பின் இ7 பிஷப் 15-வது நகர்விலேயே மாறிவிட்டதால் டி6-ஐக் காக்க ஆள் இல்லை. 37-வது நகர்வில் கெரெஸ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பிஷப் மாற்றம், டி6 ஓட்டை, குதிரை: மூன்றும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டவை. பிஷப்புகள் மாறியதும் "இனி டி6 யாருடையது?" என்று பார்க்கும் பழக்கம் இங்கிருந்து வர வேண்டும். 1988-ல் பெல்ஃபோர்ட்டில் காஸ்பரோவும் ஆண்டர்சனை இதே இ2 குதிரை, எஃப்3 அமைப்பில்தான் வென்றார்.

இத்திட்டத்தின் விலை இ3. எஃப்3 தள்ளிய மறுகணமே இ3 சிப்பாய், கறுப்பு யானை நிற்கும் இ வரிசையில் துணையற்றுப் போகிறது. இ4 தள்ளும்வரை அது கடன். தள்ளிய பிறகு சொத்து. இடையில் கறுப்பு சி5 தள்ளிவிட்டால் கடன் அப்படியே நின்றுவிடும். டி4-ஐ வெட்டினால் உங்கள் இ சிப்பாய் டி4-க்குப் போய் நடுக்கனவே கலையும். வெட்டாமல் அழுத்தினால் இ4 தள்ள முடியாமல் டி4-ஐக் காக்கும் வேலையே பாக்கி. ஆகவே எஃப்3-க்கு முன் பார்க்க வேண்டியது கறுப்பு சி5-க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை. எஃப்8 குதிரை ஜி6-க்குப் போயிருந்தால் நல்லது. அங்கிருந்து டி4-ஐத் தொட முடியாது. இ6-க்கு வந்திருந்தால் அது டி4-ஐயும் ஜி5 பிஷப்பையும் ஒருங்கே பார்க்கிறது, சி5-க்கும் துணை நிற்கிறது. அப்போது எஃப்3 வேண்டாம். கறுப்பு பி6, பிஷப் பி7, யானை சி8 என்று அடுக்கிவிட்டாலும் அதே கதை. மாறாக, கறுப்பின் வெள்ளைக்கட்ட பிஷப் இ6-இல் நின்றால் உங்கள் சிப்பாய்கள் எஃப்4, எஃப்5 என்று வரும்போது அதன்மேல் மோதிக்கொண்டே வரும். அது உங்களுக்குப் பரிசு.

இ2 குதிரைக்கு இன்னும் ஒரு வரவு: எஃப்3-ஓடு ஜி4-உம் தள்ளினால், கறுப்பின் ஜி6, குதிரை ஜி7, பிஷப் எஃப்5 என்ற நீண்ட பயணம் கடைசிப் படியில் அடைபட்டுவிடும். செலவும் உண்டு. இ5 கட்டத்தின்மேல் பிடி இல்லை, எச்2-வுக்குக் காவல் குறைவு, ஜி3-க்கோ எஃப்4-க்கோ போனால்தான் குதிரைக்கு உருப்படியான வேலை.

ராணிப் பக்கம் கேஸ்லிங்

இரண்டு குதிரை நிலைகளிலிருந்தும் இது வரும். பார்க்கக் கவர்ச்சியான வழி. ஆனால் சமபலம் உள்ளவர்களுக்குள் மிகக் குறைவாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய வழியும் இதுதான் என்பது என் எண்ணம்.

காரணம் எண்ணிக்கை. வெள்ளைக்கு ராஜாவை பி1-க்கு ஒதுக்க ஒரு நகர்வு, எச்3, ஜி4, குதிரை ஜி3: ஆக நான்கு. கறுப்புக்கு பிஷப் இ6, யானை சி8, சி5: மூன்றே நகர்வில் சி வரிசை திறக்கத் தொடங்கிவிடும், அந்த வரிசையில்தான் வெள்ளை ராணியும் பக்கத்தில் ராஜாவும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஜி5-இல் உங்கள் பிஷப்பே நிற்கிறது. ஜி சிப்பாய் ஜி4-க்கு மேல் போக முடியாது. பிஷப்பால் எஃப்6-ஐ வெட்டி, கறுப்பு பிஷப்பால் திருப்பி வெட்டிய பிறகு ஜி5 தள்ளினால் அந்த பிஷப் ஓட வேண்டும்; அதுதான் இந்தப் பாய்ச்சலின் இயல்பான வேகம். பிஷப்பை ஜி5-இலேயே வைத்துக்கொண்டு ஜி4-ஐத் தள்ளிவிட்டு "அடுத்து என்ன?" என்று யோசிப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

எப்போது இது சரி? கறுப்பு எச்6 வைத்திருந்தால். அந்தச் சிப்பாய் ஜி4, ஜி5-க்கு மோத இடம் கொடுக்கிறது. வெள்ளை இன்னும் கேஸ்லிங் செய்யாமல் எச்1-இல் யானை இருக்கும்போது எச்6 வந்தால், பிஷப்பை நகர்த்தாமல் எச்4 தள்ளும் யோசனைகூட உண்டு: கறுப்பு பிஷப்பை வெட்டினால் எச் சிப்பாயால் ஜி5-ஐத் திருப்பி வெட்ட எச் வரிசை திறந்துவிடும், சி2 ராணியும் டி3 பிஷப்பும் எச்7-ஐ நோக்கிக் காத்திருக்கின்றன. இதைக் கணக்கிட்டே ஆட வேண்டும். ஒரு காய் கம்மியாக ஆடுகிறீர்கள். எஃப்8-இல் குதிரை வந்து எச்7-ஐக் காத்துக்கொண்ட பிறகு இந்தப் பலி பெரும்பாலும் வலுவிழந்துவிடும்.

கறுப்பின் அவசரமும் சில சமயம் உங்களுக்கு உதவும். பி5, பி4 என்று இரண்டே நகர்வில் சி3 குதிரையை அடித்து விரட்டலாம் என்று கறுப்பு நினைக்கும். குதிரை ஏ4-க்கு நகர்ந்ததும் சி வரிசை திறந்து ராணி நேராக சி6-ஐப் பார்க்கும்; பி7 சிப்பாய் போய்விட்டது, டி7 குதிரையும் எஃப்8-இல். காவல் இல்லாமல் நின்றால் சி6 கையில் வந்து விழும். அனுபவம் உள்ளவர்கள் முதலில் பிஷப்பை டி7-க்கு வைத்து சி6-ஐக் கட்டிவிட்டுத்தான் பி4 தள்ளுவார்கள். எதிராளி அந்த பிஷப் நகர்வைச் செய்தாரா என்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடிகாரமும் ஸ்கோரும்

40 நகர்வுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், முதல் நகர்விலிருந்து 30 விநாடி கூட்டு என்ற நேரக் கட்டுப்பாட்டில், முதல் 40 நகர்வுக்குக் கையில் வருவது 110 நிமிடம். 8-வது நகர்வுவரை இருவருமே மனப்பாடத்தில் ஆடியிருப்பார்கள். 9-இல் இருந்து 11 வரை பத்துப் பதினைந்து நிமிடம் செலவழிப்பது இங்கே வீண் அல்ல. அதற்குப் பிறகு சிறுபான்மைத் தாக்குதலில் நகர்வுகள் தாமாக வரும், நேரம் மிச்சமாகும். நடுக்களத் திட்டத்தில் நேரம் தின்பது இ4 தள்ளும் தருணம். 18-20 நகர்வுகளுக்குள் அந்தக் கணக்குக்காக முப்பது நிமிடமாவது ஒதுக்கி வையுங்கள். எதிர்ப் பக்கங்களில் கேஸ்லிங் என்றால் ஒவ்வொரு நகர்வும் கணக்கு. 25-வது நகர்வில் பத்து நிமிடத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வழி சரிப்படாது.

டிரா போதும் என்ற சுற்றில், அல்லது எதிராளி தாக்குதலில் கெட்டிக்காரர் என்றால், 9. குதிரை எஃப்3-ஐயும் பி4-ஐயும் தேர்ந்தெடுப்பேன். கறுப்பு ராஜா பக்கம் எதுவும் செய்யாவிட்டால் ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. முழுப் புள்ளி வேண்டும், எதிராளியும் உங்கள் அளவுக்குத் தியரி தெரிந்தவர் என்றால் 9. குதிரை இ2. அது எஃப்3-ஐ மட்டும் அல்ல, மூன்று வழிகளையும் திறந்தே வைக்கிறது. கேஸ்லிங் செய்து யானையை பி1-க்கு வைத்துக் கறுப்பு எங்கே போகிறது என்று பார்க்கலாம். பி4 வழியிலும் இ2 குதிரைக்கு இடம் உண்டு: சி1, பி3 வழியாக சி5-க்கு. சுற்றுவழிதான், ஆனால் கறுப்பு அதை எதிர்பார்ப்பதில்லை. எஃப்3 குதிரை இந்தக் கதவுகளில் ஒன்றை நிரந்தரமாகச் சாத்திவிடுகிறது.

கறுப்பு இந்தத் தேர்வையே உங்களுக்குக் கொடுக்காமல் தவிர்க்கும் வழிகளும் உண்டு. 3... பிஷப் இ7 என்று முதலிலேயே ஆடி ஜி5 பிஷப்பைத் தடுத்தால், சிப்பாய்களை மாற்றிய பிறகு 5. பிஷப் எஃப்4, கறுப்பு சி6, பிஷப் எஃப்5 என்று தன் அடைபட்ட பிஷப்பை வெளியே கொண்டுவந்துவிடும். அப்போது 7. ஜி4 என்ற முரட்டு நகர்வு இருக்கிறது. போட்வின்னிக் 1963 உலகப் பட்டப் போட்டியில் பெட்ரோசியானுக்கு எதிராக ஆடியது. வெள்ளையே தன் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு: 3-வது நகர்விலேயே குதிரையை எஃப்3-க்கு வைத்துவிட்டு பிறகு எக்ஸ்சேஞ்சுக்குப் போனால், நடுக்களத் திட்டம் அங்கேயே முடிந்தது. போட்வின்னிக்கின் வழியை ஆட நினைப்பவர் 3-வது நகர்வில் பி1 குதிரையை சி3-க்குத்தான் கொண்டுவர வேண்டும்.